நாலு சாண் தாடிக்கு நாலு மணி நேரம்

...ஒரு உருட்டு கூடக் கெடையாதுங்க சார்! ஒண்ணே ஒண்ணு! தூக்குல போடறவனக் கூடக் கடைசியா என்ன வேணும்னு கேக்கறாங்க. எங்க கோட்டைச்சாமிக்கு ஒரே ஒரு டைஸ் உருட்டறதுக்கு வழியில்லயாம். பக்கம் பதினாலு, விதி ஏழு. அநியாயமா இல்லியா? உக்காருங்க, ஏன் நிக்கறீங்க? பிளம்பர் நம்பருதானுங்க? தர்றேன், தராம எங்க போயிருவேன். டைரில இருக்குது. நாலு மணிக்குத் தர்றேன். இப்ப மணி என்ன... மூணு. ஒரு மணி நேரந்தான். உங்க குழாய் எங்கயும் ஓடிப்போயிராது. சரி, தண்ணி ஓடுது, ஒத்துக்கறேன். பக்கெட் வெச்சிருக்கறீங்கள்ல? அப்பறமென்ன.

என் பேரு ஆனந்தகுமாருங்க. பொள்ளாச்சிப் பக்கம். இங்க மாதாப்பூர்ல ஒரு கம்பெனில டெஸ்டிங் லீடு. அடுத்தவன் எழுதற சாப்ட்வேர்ல குத்தம் கண்டுபுடிக்கறதுதான் பொழப்பு. ஞாயித்துக்கெழமையானா நாங்க நாலு பேரு இந்த டேபிள்ல உக்காந்து ஒரு ஆட்டம் ஆடறோம். சீட்டா? ச்சே ச்சே! காசு கீசெல்லாம் கெடையாதுங்க. கதை ஆட்டம். இர்பான்னு ஒருத்தன், காயல்பட்டணத்துக்காரன், அவன் கதைய நடத்துவான். 'குகைக்குள்ள போறீங்க, பூதம் ஒண்ணு நிக்குது, என்ன பண்றீங்க'ம்பான். நாங்க மூணு பேரும் ஆளுக்கொரு வேசம். நான் கோட்டைச்சாமி. குள்ள வீரன், கையில கோடாலி. என் சம்சாரம் தாரிணி, அவ திருடி. ஆட்டத்துலதானுங்க, ஏன் அப்படிப் பாக்கறீங்க? அப்பறம் செல்லப்பா, எங்க ஆபீசுக்காரன். அவனப் பத்தி அப்பறம் சொல்றேன். வெட்டறேன்னு வாயில சொன்னாப் போதாது, டைஸ் உருட்டோணும். இதா, புடிச்சுப் பாருங்க, இருபது மொகம். தாயக்கட்டை மாதிரி இல்லீங்க. சரி சரி... தாயக்கட்டைன்னே வெச்சுக்கங்க.

இதுக்கு மூலப் புஸ்தகம் ஒண்ணு இருக்குது. தங்கமான புஸ்தகம். வெனை எங்கிருந்து வந்துதுன்னா, துணைப் புஸ்தகம்னு, புது வேசம் புது விதியெல்லாம் வெச்சு ஒண்ணு போடறாம் பாருங்க, அதுலதான் வந்துது. மத்தவங்க ஆன்சைட்னு வெளிநாட்டு வேலைக்குப் போனா சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டாருவாங்க. எங்க செட்டுல துணைப் புஸ்தகம். ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரன் பொட்டியத் தொறந்து அட்டைல கொம்பு வெச்ச பொம்பளயப் பாத்துப்போட்டு செல்லப்பாவ அரை மணி நேரம் நிக்க வெச்சிருந்தான். அப்படியே வெச்சிருந்திருக்கலாம்.

ஏன்னா பாருங்க, ஒவ்வொரு புது புஸ்தகத்துலயும் பழசுல இருக்கறவன விட ஒருத்தன் பலசாலியா இருப்பான். இருந்தாத்தான புஸ்தகம் விக்கும்? ஒண்ணுல ஈட்டி எறியறவன் வந்தான். அடுத்ததுல ரெண்டு கையிலயும் ஈட்டி எறியறவன். அதுக்கடுத்ததுல எறிஞ்ச ஈட்டி திரும்பி வருது. நாலாவது புஸ்தகத்துல ஈட்டி முன்னாலயே போயிருது, இவன் பொறகால நடந்து போயி பொணத்த எண்ணிக்கோணும்! இதுல பேலன்ஸ் எங்கீங்க இருக்குது? எல்லாரும் சமமா அடிக்கோணும், சமமா அடி வாங்கோணும், அதுதானுங்க ஆட்டம். ஒருத்தனே எல்லாத்தையும் கொன்னுபோட்டான்னா மத்தவங்க எதுக்கு? பிரியாணிக்கா?

பிரியாணி சாப்ட்டீங்கள்ல? இர்பான் வீட்டுது. ரெண்டு தட்டுப் போட்டிருக்கறீங்க, சந்தோசம். ஒறம்பரைக்கு வந்தவங்க வயிறாரச் சாப்படோணும். தாரிணி குடுத்தனுப்புச்ச மோரக் குடிங்க. பெருங்காயம் போட்டிருக்குது, செமிக்கும்.

எங்க உட்டேன்... ஆங், பேலன்ஸ். நாந்தான் சொன்னேன், எந்தத் துணைப் புஸ்தகம் வந்தாலும் சரி, உள்ள உடறதுக்கு முன்னால சோதிச்சுத்தான் உடோணும்னு. ஒவ்வொரு விதிக்கும் ஒரு நம்பரு. விதில ஓட்டை இருந்தா, எவ்வளவு பெருசுன்னு மூணு தரமாப் பிரிப்பேன். ஒருதடவ தொப்பி ஒண்ணு வந்துதுங்க, போட்டா ஆளு மறஞ்சுருவான், ஆனா யாரும் பாக்காதப்ப மட்டும். செல்லப்பா இது ஒண்ணும் பண்ணாது உட்டுரலாம்னான். நான் உடலியே. மூணு வாரம். யாரும் பாக்காதப்ப மறஞ்சான்னு யாரு பாத்து எழுதறதுன்னு கேட்டேன். தொப்பி இன்னைக்கும் பெண்டிங்லதான் கெடக்குது.

எங்க கூட்டத்துக்கே சலிச்சுப் போச்சுங்க. ஞாயித்துக்கெழம முழுக்க விசாரணை, ஆட்டமே இல்லீன்னு சண்ட. அப்பத்தான் நான் ஒரு தீர்ப்பு முறை கொண்டாந்தேன். ஆமா, நாந்தான் கொண்டாந்தேன். அதையும் சொல்லிப்போடறேன், பின்னால என்மேல பழி வரக்கூடாது. சந்தேகமான விதி ஏதாச்சும் வந்தா, இந்த ஆட்டத்தப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒரு மனுசரக் கூப்பிட்டு உக்கார வெக்கறது. விதி கூடாதுங்கறவன் அவருகிட்ட ஒரு மணி நேரம் வெளக்கிச் சொல்லோணும். அவரு சிரிச்சுட்டார்னா, விதி செல்லாது. கிழிச்சுப் போட்டுரலாம். நேரம் முடியற வரைக்கும் சிரிக்கலீன்னா, விதி விதிதான். மத்தவங்க ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கோணும். இப்ப உள்ளதான் இருக்கறாங்க மூணு பேரும், கதவுல காத வெச்சுக்கிட்டு.

இன்னைக்கு அந்த மனுசர் நீங்கதானுங்க.

ஏனுங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க! வேற ஆளு இல்லீங்க இந்த அபார்ட்மெண்ட்ல. எல்லாரையும் பாத்தாச்சு. வாட்ச்மேன் எல்லாத்துக்கும் சிரிக்கறாரு, தண்ணி மோட்டார் போயிருச்சுன்னு சொன்னாலும் சிரிக்கறாரு, அதனால தடை. அயர்ன் பண்ற கனகம் அக்கா லோத்குண்டாவுலயே பொறந்து வளந்தவங்க. 'கைக்கு சாமி இதெல்லாம்'னு, அதான் எதுக்குன்னு, இந்த ஊர்ப் பாசைல கேட்டுப்போட்டு அழுதாங்க. அழுதா என்ன பண்றதுன்னு எங்க முறைல இல்ல. மேல்மாடி ஹர்ஷிதா காலேஜ் புள்ள, அது வந்து ரூல் புஸ்தகத்த வாங்கிப் படிச்சுட்டு அடுத்த வாரம் நானும் ஆடறேன்னுச்சு. தெரிஞ்ச ஆளாயிருச்சு, இனி செல்லாது. நீங்கதான் மல்காஜ்கிரில இருந்து போன வாரம் வந்தவர். புத்தம் புது ஆளு. காலைல பால்கனில நின்னு போன்ல பேசிப்பேசி வயிறு குலுங்கச் சிரிச்சீங்க பாருங்க... அப்பவே முடிவு பண்ணிப்போட்டேன். நீங்களா வந்து பெல்லடிச்சப்ப, கடவுளே தாட்டி உட்ட மாதிரி இருந்துது.

ஹா ஹாவா? கேட்டீங்களா... உள்ளருந்து ஒரு தட்டு. ஒரு தட்டுன்னா பொய்ச் சிரிப்பு, கணக்குல வராது. தாரிணி தட்டறா. அவ கால் சென்டர்ல வாய்ஸ் ட்ரெயினருங்க. போன்ல பேசறவன் நெசமாச் சிரிச்சுட்டுப் பேசறானா, பல்லக் கடிச்சுட்டுப் பேசறானான்னு கண்டுபுடிக்கறதுக்குத்தான் சம்பளம். கல்யாணமான புதுசுல அவுங்கப்பா ஒரு ஜோக் சொன்னாரு, நானும் சிரிச்சேன். பஸ் ஏறுனதும் 'அந்தச் சிரிப்பு எதுக்கு'ன்னு கேட்டா பாருங்க. ஆடிப் போயிட்டேன். அதனால மரியாதைக்கெல்லாம் சிரிக்காதீங்க சார். தானா வரோணும்.

வந்துரும். விதி அப்படிப்பட்ட விதி. கேட்டீங்கன்னா பெரண்டு பெரண்டு சிரிப்பீங்க. கூலரக் கொஞ்சம் உங்க பக்கம் திருப்பி உடட்டுங்களா? மே மாசம் இந்த ஊர்ல மனுசன் வறுபட்டுப் போறான். இந்தாங்க, இந்தத் தலகாணிய முதுகுக்கு வெச்சுக்கங்க. நீங்க சவுரியமா இருந்தாத்தான் எனக்கு நியாயம் கெடைக்கும்.

இப்ப கதைக்கு வர்றேன். 'வாய்ச்சொல் வீரர்'னு ஒரு துணைப் புஸ்தகம். முப்பத்திரண்டு பக்கம், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். அதுல கதைக்காரன்னு ஒரு வேசம். கத்தி கெடையாது, மந்திரம் கெடையாது. பேசுவான். அவ்வளவுதான். விதி ஏழு என்ன சொல்லுதுன்னா... படிக்கறேன் கேளுங்க. 'கதைக்காரன் இடைவிடாது பேசினால், அவன் பேச்சைக் கேட்பவர் அனைவரும் உறங்குவர். தப்பிக்க உருட்டல் இல்லை.' எப்படி?

சிரிப்பு வரலீங்களா? பொறுங்க, இன்னும் இருக்குது.

பொதுவா எவனாச்சும் மந்திரம் போட்டா, எதிராளிக்கு ஒரு டைஸ் உருட்ட வாய்ப்புக் குடுப்பாங்க. பதினஞ்சுக்கு மேல உழுந்துதுன்னா தப்பிச்சான். அதுதான் தப்பிக்கிற உருட்டு. வெடி வெச்சாலும் உண்டு, வெசம் குடுத்தாலும் உண்டு, மலையே மேல உழுந்தாலும் உண்டு. ஆனா ஒருத்தன் பேசுனா மட்டும் தப்பிக்க முடியாதாம்! என்னங்க இது? மலைகிட்டத் தப்பிக்கலாம், வாய்கிட்டத் தப்பிக்க முடியாதாம்!

சிரிக்கறதுக்கு நல்ல எடங்க அது. போன வாட்டி கண்ணாடி முன்னால சொல்லிப் பாத்தப்ப எனக்கே சிரிப்பு வந்துது. பரவால்ல. மோர் இன்னொரு டம்ளர்?

இந்த வேசத்தச் செல்லப்பா எடுத்துட்டான். ஆபீசுல பேசவே மாட்டான் சார், மீட்டிங்ல மூணு வருசமா 'நத்திங் ஃப்ரம் மை சைட்'ங்கறதத் தவுர ஒரு வார்த்த வராது. அவன் கதைக்காரனாம். சரி, எடுத்துக்க. மூணு ஞாயித்துக்கெழமைக்கு முன்னால குகைக்குள்ள போனோம். உள்ள ஒரு பூதம், பனமர ஒசரம், மொட்டத்தல, மொகத்துல ஒரு முடி கெடையாது. மொகத்துல முடியில்லங்கறத ஞாபகம் வெச்சுக்கங்க. நான் கோடாலியத் தூக்குனேன். செல்லப்பா 'நீ இரு, நான் பேசிக்கறேன்'னான். பேச ஆரம்பிச்சான். பூதம் கொட்டாவி உட்டுது, சாஞ்சுது. ஆகா, நல்லாருக்குதேன்னு நான் கோடாலியோட முன்னால ஒரு எட்டு வெக்கறேன், இந்த இர்பான் சாவகாசமா கேக்கறான்: 'கோட்டைச்சாமி எங்க நிக்கறான்?'

பூதத்துக்குப் பக்கத்துலதாண்டா நிக்கறான்.

'அப்ப அவனுக்கும் பேச்சு கேக்குமே?'

சார்! 'கேட்பவர் அனைவரும்'னு போட்டிருக்குதாம். எதிராளின்னு போடலியாம். கூட்டாளியும் கேக்கத்தானே கேக்கறான், அவனும் தூங்கோணுமாம். என் கோட்டைச்சாமி நின்ன வாக்குல சாஞ்சுட்டான். தாரிணி? அவ தூங்கல! ஆட்டத்துல பத்து நாளைக்கு முன்னாலயே சந்தைல ரெண்டு காசுக்கு மெழுகுவத்தி வாங்குனா. எதுக்கும்மா மெழுகுவத்தி, பந்தம் இருக்குதேன்னு கேட்டேன். சும்மான்னா. காதுல உருக்கி வெச்சுக்கறதுக்கு! விதியப் படிச்சுருக்கறா! கட்டுன புருசனுக்கு ஒரு துளி மெழுகு குடுத்தாளா? கேட்டா, 'நீங்க கேக்கல'ங்கறா.

எனக்குப் பொக்குனு போயிருச்சு.

சரி, தூங்குனா என்ன, எந்திரிக்கலாம்ல? அங்கதான் விதி எட்டு. இது அதவிட மோசம். யாரு எவ்வளவு நேரம் தூங்குவாங்கன்னு எப்படிக் கணக்குங்கறீங்க? பலத்த வெச்சா? அனுபவத்த வெச்சா? தாடிய வெச்சுங்க! ஒரு சாண் தாடிக்கு ஒரு மணி நேரம். தாடி இல்லாதவன் அப்பவே முழிச்சுக்குவான். கோட்டைச்சாமி குள்ளன், குள்ளனுக்கு அழகே தாடிதானுங்க, நாலு சாண் இருக்குது, இடுப்புல சொருகியிருப்பான். நாலு மணி நேரம்! பூதத்துக்குத் தாடியே கெடையாது. கண்ணு மூடுன மறுநிமிசமே முழிச்சுது. முழிச்சுப் பாக்குது, காலடில ஒருத்தன் கொறட்ட உட்டுட்டுக் கெடக்கறான். என்ன பண்ணும்?

நீங்க எதுக்கு தாடியத் தடவறீங்க? வேண்டுதலுங்களா? திருப்பதிக்கா? நல்லாத்தான் வளந்திருக்குது.

அன்னைக்கு ஆட்டத்த அப்படியே நிறுத்திப்போட்டேன். அப்பீல். மூணு வாரமா பூதம் தூக்குன கால் தூக்குனபடி நிக்குது. இன்னைக்குத் தீர்ப்பு. நீங்க ஒரு சிரிப்புச் சிரிச்சா விதி ஏழு போயிரும். அது போச்சுன்னா கோட்டைச்சாமி தூங்கவே இல்ல, கோடாலியோட நிக்கறான், பொழச்சான். நீங்க நாலு மணி வரைக்கும் சிரிக்கலீன்னு வைங்க, அந்தக் கால் கீழ எறங்கும். செத்தவன் தாள நாலாக் கிழிக்கறதுதான் எங்க வழக்கம்.

இதா பாருங்க, இதுதான் கோட்டைச்சாமியோட தாள், அவன் பலம், லெவல், தாடி அளவு எல்லாம் இதுலதான் எழுதி வெச்சிருக்கறேன். ஆறு வருசம்! ரெண்டாயிரத்துல இந்த ஊருக்கு வந்த புதுசுல, போவன்பள்ளில ஒத்த ரூம்ல, விடியக் காத்தால மார்க்கெட் லாரிச் சத்தத்துல எழுதுனது. இது டீக்கறை. இது அழிச்சு அழிச்சு எழுதி ஓட்டையானதுக்குப் பின்னால ஒட்டுன செலோடேப். அடுத்த வருசம் எங்க புராஜெக்ட நிறுத்திப்போட்டு எங்களச் சும்மா உக்கார வெச்சாங்க பாருங்க, அப்ப இவன் ஆறாவது லெவல். ஆன்சைட் என் பேரப் போட்டு அடுத்த நாளே எடுத்துட்டு செல்லப்பா பேரப் போட்டாங்க, அப்ப இவன் எட்டு. நான் ஆறு வருசமா அதே லீடுதானுங்க சார். வருசா வருசம் ரிப்போர்ட்ல 'மீட்ஸ் எக்ஸ்பெக்டேசன்ஸ்', பரவால்லங்கற அளவு, அவ்வளவுதான். இவன் பதினொண்ணு. என் வாழ்க்கைல ஒழுங்கா மேல போனது இவன் ஒருத்தந்தான். இத நான் தாரிணிகிட்டக் கூடச் சொன்னதில்ல. இப்பக் கேட்டிருப்பா. கேக்கட்டும்.

உள்ளருந்து தட்டு வரலியே. அப்ப நெசமாத்தான் பேசியிருக்கறேன் போல.

கண்ண மூடிட்டீங்களா? மூடிக்கங்க மூடிக்கங்க. கண்ண மூடிக் கேட்டாத்தான் குகை தெரியும். நெம்பப் பேருக்கு அந்தப் பொறுமை இருக்கறதில்ல. மணி மூணே முக்கா. இன்னும் கால் மணி நேரம்.

என்ன கேட்டீங்க? கேக்கலியா? கேட்ட மாதிரி இருந்துது. இத யாரு எழுதுனதுன்னுதான கேக்கறீங்க? அட்டைலயே போட்டிருக்குதே, 'ஆண்டர்சன்'னு. ஆமா, வெளிநாட்டுக்காரன்... வெளிநாட்டுக்காரன்தான்... எப்படிச் சொல்றதுன்னா...

சரி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. இந்தப் பக்கம் வாங்க, மெதுவாச் சொல்றேன். கதவுல காது இருக்குது. ஆண்டர்சன் நாந்தானுங்க.

சிரிக்காதீங்க! இல்ல, சிரிங்க! சிரிக்கலாம், நல்லாச் சிரிங்க... சிரிக்கலியா. சரி.

வேற வழியில்லீங்க. செல்லப்பாவோட பழைய வேசம் ஒரு மந்திரவாதி, பேரு ஜடாமகுடன். அவன்தான் ஈட்டிய முன்னால அனுப்பறவன். ஒருத்தனும் அவன அசைக்க முடியல. அவனுக்கு ஆறு சாண் தாடி. யோசிச்சேன். இவன எப்படித் தூங்க வெக்கறது? பேசி. எவ்வளவு நேரம்? தாடி அளவுக்கு. தப்பிக்க உருட்டு குடுத்தா அவந்தான் எப்பப் பாரு இருபது போடறானே, அதனால உருட்டே கெடையாதுன்னு எழுதுனேன். பத்து நாள் ஆபீசுல உக்காந்து எழுதி, ஜெராக்ஸ் போட்டு, 'பிரெண்டு ஒருத்தன் அனுப்புனான்'னு சொல்லி உள்ள உட்டேன். கதைக்காரன் வேசத்த நான் எடுக்கறதாத்தான் இருந்துது. கோட்டைச்சாமிக்குக் கொஞ்ச நாள் லீவு குடுத்துட்டு, ஜடாமகுடனத் தூங்க வெச்சுப்போட்டு, திரும்பக் கோட்டைச்சாமியா வந்தரலாம்னு. இந்தச் செல்லப்பா என்ன பண்ணுனான்? ராத்திரி முழுக்க அத உக்காந்து படிச்சுப்போட்டு, ஜடாமகுடனுக்கு ஓய்வு குடுத்து அனுப்பிட்டு, அடுத்த வாரமே 'கதைக்காரன் எனக்கு'ன்னுட்டான்! ஆறு சாண் தாடி போயிருச்சு. மிஞ்சுன ஒரே தாடி யாருது?

அப்பறம் அந்த 'அனைவரும்'. அத நெனச்சாத்தான் வயிறெரியுது. ஊரே எழுதறதுல ஓட்டை கண்டுபுடிக்கறவன் நான். ஜடாமகுடனுக்காக எழுதுனது, பக்கத்துல கோட்டைச்சாமி நின்னா அவனுக்கும் காது இருக்குமேன்னு எனக்குத் தோணல. என் விதிய யாரு சோதிச்சாங்கன்னு கேளுங்க. யாருமில்ல! மத்த புஸ்தகத்தையெல்லாம் மூணு வாரம் சல்லடையாச் சலிச்சேன், இத ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டு உள்ள உட்டேன். தொப்பி இன்னும் பெண்டிங், சார். தொப்பி!

போகட்டும். யாரு எழுதுனா என்னங்க, விதி தப்புன்னா தப்புத்தான? நீங்களே சொல்லுங்க. நாந்தான் ஆண்டர்சன், நானே சொல்றேன், அது நடக்காத காரியம். ஒரு மனுசன் பேசறான். இன்னொரு மனுசன் கேக்கறான். கேக்கறவனுக்குக் கை கால் இருக்குது, எந்திரிச்சுப் போயிரலாம். சலிப்பு வரும், கோவம் வரும், ஒத்துக்கறேன். ஆனா தூக்கம்? பட்டப்பகல்ல? நேரா உக்காந்திருக்கற ஆளு, தப்பிக்கவே முடியாம, வெறும் பேச்சக் கேட்டு, அப்படியே... உலகத்துல எங்கயாச்சும் நடக்குமுங்களா? அதுக்குத்தானுங்க சிரிப்பு வருது எனக்கு. நீங்க ஒரு சிரிப்புச் சிரிச்சாப் போதும். நெசமான சிரிப்பு ஒண்ணு. கோட்டைச்சாமி பொழச்சுக்குவான். ஏனுங்க?

சார்?

சாரங்கபாணி சார்?

சார்... டம்ளர் கீழ உழுகுது சார்... ஐயோ. ஏனுங்க! இல்லீங்க, இல்லீங்க, இப்ப வேண்டாமுங்க, இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குது, அப்பறம் எவ்வளவு வேணும்னாலும்... சார், கொறட்ட உடாதீங்க சார், உள்ள கேக்கும்!

வந்துட்டாங்க. தாரிணி, இது வந்து, அவரு கண்ண மூடிக் கேக்கறாரு. குகை தெரியோணும்னு. இல்ல இர்பான், தூங்கல. நக்கோன்னா என்னடா நக்கோ? எப்பப் பாரு நக்கோ! வேண்டாம்னு தமிழ்ல சொல்லேண்டா! பிரியாணிதாண்டா தூங்க வெச்சுது, ரெண்டு தட்டு போட்டது நீ! கூலர்... கூலர நாந்தான் திருப்பி வெச்சேன். தலகாணியும் நாந்தான். மோரும்... சரிடா. பேச்சும் நாந்தான். ஒத்துக்கறேன்.

செல்லப்பா, நீ எதுக்குடா ஸ்கேல எடுத்துட்டு வர்ற? அவரத் தொடாத! ஒறம்பரை மனுசன்... எவ்வளவு? ஒரு சாணா? சரியா அளந்தியா? மூணே முக்காலுக்குக் கண்ண மூடுனாரு, அப்ப நாலே முக்காலுக்கு எந்திரிப்பாரு. கரெக்டா நாலே முக்காலுக்கு எந்திரிச்சுட்டார்னா, எட்டாவது விதிலயும் தப்பு சொல்ல முடியாது. நல்லாத்தான் எழுதியிருக்கறான் ஆண்டர்சன்.

என்ன தாரிணி? ...உனக்குத் தெரியுமா? எப்பத்துல இருந்து? அட்டையப் பாத்த அன்னைக்கேவா?

தெரிஞ்சுதான் மெழுகுவத்தி வாங்குனியா.

இல்ல, யாரும் கிழிக்க வேண்டாம், நானே கிழிக்கறேன். குடு இங்க. செலோடேப் போட்ட எடத்துல கிழிய மாட்டேங்குது. ...ம். ஆச்சு. இர்பான், கால எறக்கச் சொல்லு பூதத்த. மூணு வாரமாத் தூக்கிட்டு நிக்குது, அதுக்கும் வலிக்கும்ல.

எல்லாரும் உள்ள போங்க. சத்தம் போடாதீங்க, மனுசன் தூங்கறாரு.

சார், நீங்க தூங்குங்க, பரவால்ல. பிளம்பர் நம்பர இதுல எழுதி உங்க சட்டப் பையில வெச்சுட்டேன். பேரு எல்லய்யா, காலைல பண்ணுனா எடுப்பாரு. வேற பேப்பரு கைக்குக் கெடைக்கல. பின்பக்கம் திருப்பிப் பாக்காதீங்க... பாத்தாலும் ஒண்ணுமில்ல. தாடி, நாலு சாண்னு எழுதியிருக்கும். அது அவனுது.